அடுப்பு வைக்காத இடம்

மும்பை தாராவியில் பொங்கல் காலை. சாலையோரம் நெடுக அடுப்புகள் எரிகின்றன. புகையில் கண் கரிக்கிறது. வரிசையில் ஓரிடம் மட்டும் காலியாக இருக்கவே என் பையை அங்கே இறக்குகிறேன்.

"அங்கன வைக்காதிய தம்பி," என்கிறார் பக்கத்தில் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும் பேச்சியம்மாள். "அது பாத்திமா எடம்."

"முஸ்லிமா? பொங்கல் வைப்பாங்களா?" கேட்ட பிறகு எனக்கே அசட்டுத்தனமாகப் படுகிறது.

"ஏன், அவளும் திருநவேலிக்காரிதான? எங்க ரெண்டு பேரு பானையும் ஒண்ணாத்தான் பொங்கும். கலவரத்துக்குப் பொறவு கோவண்டிக்குக் குடி போயிட்டா."

அந்த இந்து முஸ்லிம் கலவரம் நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு முழம் இடத்துக்கு அடித்துக்கொள்ளும் ஊர் இது. ஆனால் இங்கே மட்டும் இன்னும் யாரும் செங்கல் வைப்பதில்லை.

"பொங்கலுக்கு வருவாங்களா?"

"இதுவரை வரல."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

அவர் விறகை இன்னும் உள்ளே தள்ளுகிறார்.

"எடம் கெடக்குல்லா," என்கிறார். "அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?"

பானை பொங்கி வழிகிறது. எல்லோரும் குலவையிடுகிறார்கள். கோவண்டி வரைக்கும் அது கேட்காது. ஆனால் கோவண்டிக்கு இங்கிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.