மேனேஜ் பண்ணுங்கண்ணே

பட்டாசு மருந்து வாசனை சட்டையோடு நிற்காது... சாப்பாட்டிலும் வரும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் நான் வேலை பார்த்த காலம். இங்கிலீஷ் படித்தவன் என்பதால் ஆர்டர், லோடு எல்லாம் நான்தான் பார்ப்பேன்.

தீபாவளி சீசன். மருந்து அடைக்கும் ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். போர்மேன் அண்ணன் வந்து நின்றார்.

"தம்பி, ஏழு பேரு இருக்காக. கையோட கை இடிக்கி. ரெண்டு ரூமா பிரிச்சிருவமா?"

பிரித்தால் அன்றைய லோடு போகாது. நான் தலை நிமிரவில்லை.

"இன்னைக்கு ஒரு நாள் மேனேஜ் பண்ணுங்கண்ணே."

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி நொறுங்கி என் மேஜைமேல் விழுந்தது. ஓடினோம்... ரூம் இருந்த இடத்தில் புகைதான் இருந்தது.

ஆறு பேர் போய்விட்டார்கள். மாரியம்மாள் அக்கா மட்டும் பிழைத்தார். இரண்டு கையும் மணிக்கட்டோடு போயிற்று.

விசாரணையில் போர்மேன் அண்ணன் என் பேரைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் ஜெயிலுக்குப் போனார். நான் விருதுநகரில் ஒரு டுடோரியலில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்தேன்.

போன மாதம் ஒரு மாணவி 'மேனேஜ்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். அகராதியை எடுத்தேன். மூலம், 'கை' என்பதற்கான லத்தீன் சொல். இத்தாலியில் குதிரையைக் கையால் பழக்கி அடக்குவதைச் சொன்னார்களாம். பிறகு ஆட்களை, தொழிலை நடத்துவது. அதன்பின், இருப்பதை வைத்து எப்படியாவது ஒப்பேற்றுவது.

எங்கள் ஆபீஸில் அந்தக் கடைசி அர்த்தம்தான் புழங்கியது.

மேலே படிக்க முடியவில்லை... அந்த ஞாயிற்றுக்கிழமை மாரியம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு பிரிக்க வேண்டாம்னு சொன்னது நான்தான்."

"தெரியும் தம்பி. போர்மேன் உள்ள வந்து சொன்னாருல்ல, ஆபீஸ்ல மேனேஜ் பண்ணச் சொல்லிட்டாகன்னு. நாங்களும் சரின்னு நெருங்கி உக்காந்தோம்."

மகள் ஊட்டிய வாய்ச் சோற்றை விழுங்கிவிட்டு, "அந்த மனுசன் வீட்டுக்குப் போனீகளா?" என்றார்.

போகவில்லை. அவர் விடுதலையாகித் தாயில்பட்டியில்தான் இருக்கிறார். நாளைக்குப் போகிறேன்.

அன்றைக்கு அவருக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. இப்போது அவரிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று மூன்று நாளாக எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்...