சுவரோரம் வெட்டிய மீன்குளம்

எண்பதுகளில் ஒத்தக்கடையில் வீடு கட்டிக் குடிபோன புதிது. கொல்லையில் மீன் வளர்க்கும் ஆசையில் என் கணவர், நிழலாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டு மண்சுவரை ஒட்டியே குளம் வெட்டினார். தள்ளி வெட்டச் சொன்னேன், கேட்கவில்லை.

ஒரே மழையில் குழி நிரம்பியது. மறுநாள் காலை சுவர் இடிந்து விழுந்தது. அந்தப் பக்கம் கட்டியிருந்த கறவை மாடு மண்ணோடு குழிக்குள் சரிந்து, கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

மாட்டுக்காரர் அரிவாளோடு பாய்ந்து வந்தார்.

"என் மாட்டக் கொன்னுட்டியேடா!"

என் கணவரைக் கீழே தள்ளி, முகத்தைச் சேற்றுநீரில் அமுக்கினார். நான் செங்கல்லால் அவர் முதுகில் அடித்தேன். அவர் உதறியதில் விழுந்து என் நெற்றி கிழிந்தது. அவர் அரிவாளை ஓங்கிவிட்டார்.

"மாடு சாகலங்க! கயித்த அறுங்க, சீக்கிரம்!" என்று அவர் மனைவி செல்வி அலறினாள்.

ஓங்கிய அரிவாள் கயிற்றின்மேல் இறங்கியது. மாடு மூச்சு விட்டது. வாயில் சேறு வழிய என் கணவரும் சேர்ந்துதான் அதை மேலே ஏற்றினார்.

பிறகு அந்தக் குழியை மூடி, சுவரைத் திரும்ப எழுப்பிவிட்டு, கொல்லையின் நடுவில் வேறு குளம் வெட்டினோம். அளவு குறித்து முளை அடிக்கும் முன் செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க மதினி" என்றாள்.

தள்ளினோம். இப்போதெல்லாம் சுவரோரம் முருங்கைக்குச்சி ஊன்றுவதானாலும் அவளிடம் கேட்காமல் செய்வதில்லை.