கண் எரியாத தண்ணீர்

செஞ்சிக்காரனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூட இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்த ஒரு படம்தான். காற்றில் புடைத்த வெள்ளைப் பாய், முன்னால் நின்று தூரத்தைப் பார்க்கும் ஓர் ஆள். எங்கள் ஊரிலோ எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை, அதை விட்டால் வேர்க்கடலைக் கொல்லை. கோட்டைக் குளத்தில் வாழைமரத்தைக் கட்டிப் பிடித்து மிதந்ததோடு என் கப்பல் பயணம் முடிந்திருந்தது. படத்தில் இருந்த ஆள் மாதிரி ஒரு நாளாவது நிற்க வேண்டும் என்று தீராத ஆசை. அது நிறைவேறிய விதத்தைத்தான் எழுதுகிறேன்.

பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கோடைக்காலம். நான் அங்கே அக்கா வீட்டில் தங்கிக் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை, அவரை விடமாட்டார்கள். அக்காவுக்கு எட்டு மாதம். அவளை ஊரில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பொறுப்பானது.

அக்காவின் பயம் குண்டு இல்லை. முதல் பிரசவத்தில், செஞ்சியில் எங்கள் அப்பா, நைனா வீட்டில், ஒரு பெண் குழந்தை பிறந்து கொஞ்ச நேரமே மூச்சு விட்டது. எங்கள் மாதா கோவில் சாமியார் சீயமங்கலம் பக்கம் பூசைக்குப் போயிருந்தார். சைக்கிளில் ஆள் ஓடியது. அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் கிடையாது. சுவருக்கு வெளியே சப்பாத்திக்கள்ளி ஓரமாகக் குழி வெட்டி வைத்தார்கள். அதன் பிறகுதான், சாகக் கிடக்கும் குழந்தைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம், சாமியார்தான் வேண்டும் என்பதில்லை என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டதை நான் அவளிடம் சொன்னேன்.

"இத அன்னைக்கு அந்த வூட்ல ஒருத்தர் கூடவாடா சொல்லல?"

அதனால் இந்தத் தடவை அவளுக்கு ஒரே பிடிவாதம். செஞ்சியில், கோவிலுக்குப் பக்கத்தில் பெற வேண்டும். வழியில் ஏதாவது ஆகிவிட்டால் நான் ஊற்ற வேண்டும். வார்த்தை தப்பாமல் வருகிறதா என்று ஓர் இளநீர்க் காயைக் கையில் கொடுத்து ஒத்திகை பார்த்தாள். பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்து என்று மூவர் பெயரையும் சொல்லி நான் காய்க்குத் தண்ணீர் ஊற்றினேன். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "இனிமே அத வெட்டிக் குடிச்சா நரகம்தாண்டா உனக்கு."

எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போனோம். ஜன்னல் வழியாக ஆட்களை உள்ளே திணித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் படிக்கட்டில் மிதிபட்டுக் கத்தினார். அக்கா வயிற்றை இரண்டு கையாலும் அணைத்தபடி திரும்பிவிட்டாள். பஸ்ஸும் அதே கதிதான். கடைசியில் மாமாதான் ஒரு வழி சொன்னார். மரக்காணத்திலிருந்து கடலோரக் கால்வாயில் சவுக்கு விறகு ஏற்றிவரும் ஒருவரை அவருக்குப் பழக்கம். படகு வெறுமனே திரும்புகிறது. மரக்காணம் போய்விட்டால் அங்கிருந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம்.

"பாய்ப்படகா அண்ணே?" என்று அவரைப் பார்த்ததும் நான் துள்ளினேன்.

"பாய் இருக்குது தம்பி" என்றார் படகுக்காரர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாய் இருந்தது. கோணி நிறத்தில், ஒட்டு மேல் ஒட்டுப் போட்டு, சுருட்டிக் கிடந்தது. வெயில் காலத்தில் காற்று தெற்கிலிருந்துதான் வீசும், நாங்கள் போவதும் தெற்கே என்பதைப் படகில் ஏறிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். விறகு ஏற்றி வடக்கே வரும்போது பாய் இழுக்கும். வெறும் படகாகத் திரும்பும்போது மனுஷன் இழுக்க வேண்டும். நீளக் கயிற்றின் நுனியை நெஞ்சில் பலகை வைத்துக் கட்டிக்கொண்டு, படகுக்காரர் கரையோரமாக முன்னால் சாய்ந்து நடப்பார். அவர் மனைவி பின்னால் நின்று மூங்கில் கழியால் படகு கரையில் முட்டாமல் தள்ளுவாள். புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் அந்தப் படகுதான் வீடு, அடுப்பு, படுக்கை எல்லாம்.

எனக்கும் ஒரு பலகை கொடுத்தார்கள். முதல் நாள் சாயங்காலமே நெஞ்சுத் தோல் உரிந்தது. "இன்னா தம்பி, கப்பல் நல்லா ஓடுதா?" என்று படகுக்காரம்மா சிரித்தாள். நான் படகில் போன நேரத்தைவிடப் படகுக்கு முன்னால் நடந்த நேரம்தான் அதிகம்.

உள்ளே அக்கா பட்டது அதைவிட மோசம். ஓலைக் கூண்டுக்குள் நிமிர்ந்து உட்கார முடியாது. தண்ணீர் கசியாமல் பலகையில் பூசிய கீல் வெயிலில் உருகிப் புடவையில் ஒட்டும். சவுக்குப் பட்டையோடு வந்த பூச்சிகள் கடித்து அவள் கால் தடித்துவிட்டது. அடியில் ஊறும் தண்ணீரை ஓயாமல் டப்பாவால் இறைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கிற பாய் நனையும். இருட்டும்வரை ஒதுங்க இடம் இல்லை என்று அவள் சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். இதெல்லாம் அந்த இங்கிலீஷ் படத்தில் இல்லை.

சுற்றிலும் தண்ணீர்தான், வாயில் வைக்க முடியாத உப்பு. ஊர்கள் வரும் இடத்தில் இறங்கிக் கிணற்றில் ஒரு பானை பிடித்துக்கொள்வோம். அதற்குப் பெயர் நல்ல தண்ணி. கால்வாயில் இருப்பது வெறும் தண்ணி. மரக்காணத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் உப்பளமும் சேறுமாக ஓர் இடம் உண்டு. அங்கே தண்ணீர் குறைந்து படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கடல் பொங்கிக் கால்வாயில் ஏறினால்தான் மிதக்கும். கிணறு உள்ள ஊர் பின்னால் வெகுதூரம் போய்விட்டது. பானையில் அடித்தண்ணீர்தான் மிச்சம்.

மத்தியானம் அக்காவுக்கு வலி கண்டது. படகுக்காரம்மா என்னை இறக்கிவிட்டாள். "ஆம்பளைக்கு இங்க இன்னா வேல? போய் உங்க அண்ணனோட கயிறு புடி." நாங்கள் இடுப்பளவு சேற்றில் நின்று படகைத் தள்ளினோம். அது அசையவில்லை. கூண்டுக்குள் அக்கா முனகுவது கேட்டது. பிறகு ஒரு மெல்லிய சத்தம், கோழிக்குஞ்சு கத்துவது போல.

"தம்பி, வா!"

ஆண் குழந்தை. என் உள்ளங்கை இரண்டும் சேர்ந்தால் அதற்குப் போதும். உதடு நீலம். மூச்சு வரும், நிற்கும், மறுபடி வரும். படகுக்காரம்மா என்னைப் பார்த்து, பிழைக்காது என்று தலையை மெல்ல அசைத்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"ஊத்துடா" என்றாள்.

நான் குனிந்து கால்வாயில் கை நிறைய அள்ளினேன்.

"அது வாணாம்."

"அக்கா, எந்தத் தண்ணியும் செல்லும். சமுத்திரத் தண்ணி கூடச் செல்லும்னு படிச்சிருக்கேன்."

"உப்புடா. கண்ணு எரியும் அதுக்கு."

இருக்கப்போவது இன்னும் கொஞ்ச நேரம். அதற்குள்ளும் கண் எரியக் கூடாது என்கிறாள். என் விரல் இடுக்கில் அந்தத் தண்ணீர் ஒழுகிப் போயிற்று.

படகுக்காரம்மாவுக்கு எங்கள் சடங்கு எதுவும் தெரியாது. "இன்னா பண்ணணும் இப்போ?" என்று கேட்டாள். தலையில் நல்ல தண்ணீர் கொஞ்சம் ஊற்ற வேண்டும் என்றேன். அவள் பானையைச் சாய்த்தாள். ஒரு டம்ளர்கூட நிறையவில்லை. அவள் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"ஊத்து. பதறாத ஊத்து."

அக்கா ஒரு பெயர் சொன்னாள். அந்தப் பெயரை நான் எங்கும் எழுதுவதில்லை. தண்ணீர் பட்டதும் குழந்தை நெற்றியைச் சுருக்கியது. வார்த்தைகள் ஒன்றும் தப்பவில்லை.

படகுக்காரர் சேறும் வேர்வையுமாக ஏறி வந்தார். "தண்ணி குடு, தொண்ட ஒட்டிக்கிச்சு."

"இல்ல. புள்ளைக்கு ஊத்திட்டோம்" என்றாள் படகுக்காரம்மா.

"குடிச்சுதா?"

"தலையில ஊத்தினோம்."

"தலையிலயா? ஏண்டி, உனக்குப் பித்து கித்துப் புடிச்சிருக்குதா? தலையில ஊத்த வேற தண்ணியா இல்ல இங்க?"

"கத்தாத. சின்னது போவுது."

அவர் எட்டிப் பார்த்தார். தலைப்பாகைத் துணியை அவிழ்த்து வாயைத் துடைத்துக்கொண்டார். இறங்கிப் போய்ச் சேற்றில் நின்றார்.

கடல் ஏறிப் படகு மிதந்தபோது குழந்தை அக்காவின் மடியிலேயே அடங்கியிருந்தது. விடிந்து மரக்காணத்தில் கட்டியதும் நான் பானையைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கு ஓடினேன். படகுக்காரம்மா செம்பை அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தாள். மீதியைப் புருஷனிடம் நீட்டினாள். அவர் குடித்துவிட்டு, "போய்ட்டு வா கண்ணு" என்று அக்காவிடம் மட்டும் சொன்னார்.

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடுவது. ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நிற்கும். குழந்தையைத் துணியில் சுற்றி அக்கா தோளில் சாய்த்து வைத்திருந்தாள். செத்த பிள்ளை என்று தெரிந்தால் இறக்கிவிடுவார்கள்.

"இன்னா கண்ணு, புள்ள அசையவே இல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"தூங்குது."

"குடுத்து வெச்சவ நீ. என்து கத்தியே உசுர எடுக்கும்."

அக்கா தலையை ஆட்டினாள். திண்டிவனத்தில் பஸ் மாறும்போதும் குழந்தையை என்னிடம் தரவில்லை. எங்கள் மலை தெரிந்தபோது எனக்கு அது படகு மாதிரி மெல்ல ஆடியது. இறங்கி நின்றும் ஆட்டம் நிற்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராகக் கோவிலுக்குப் போனோம். சாமியார் துணியை விலக்கிப் பார்த்தார். எங்கே, எப்போது, என்ன வார்த்தை சொன்னாய் என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"எந்தத் தண்ணீர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நல்ல தண்ணி சாமி. குடிக்கிற தண்ணி."

"அப்போது உயிர் இருந்ததா?"

"நெத்தியச் சுருக்கிச்சு."

அவர் உள்ளே போய்க் கல்லறைத் தோட்டத்துச் சாவியை எடுத்து வந்தார்.

குழி வெட்டுகிறவர் கடப்பாரையோடு வந்து, எங்கே வெட்டுவது என்று கேட்டார். நைனா வீட்டுக் கல்லறைகள் நடுவில் இருக்கின்றன. அக்கா அங்கே போகவில்லை.

"செவுத்து ஓரமா. வெளிய அது இருக்குதில்ல, அதுக்கு நேரா."

சுவர் ஆள் உயரத்துக்கு மேல். உள்ளேயிருந்து அந்த இடம் தெரியாது. நான் வெளியே ஓடினேன். கள்ளி முன்பைவிடப் பரந்திருந்தது. முள்ளை விலக்கி, முதல் குழந்தைக்கு நைனா அடையாளமாக வைத்த கல்லைக் கண்டுபிடித்தேன். ஒரு கருங்கல் துண்டை எடுத்து, அதற்கு நேராகச் சுவரில் தட்டினேன்.

"இங்கியா தம்பி?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னும் கொஞ்சம் இப்பால வாங்க."

மறுபடி தட்டினேன். அக்கா உள்ளே ஏதோ சொல்வது கேட்டது, வார்த்தை புரியவில்லை. நான் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் என் கல்லுக்கு நேர் எதிரே, அந்தப் பக்கம், கடப்பாரை பாறை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டது.