வெள்ளைக்கரு மட்டும்

உம்மாவுக்கு இரண்டு கிட்னியும் பழுதான பிறகு கிழமைக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருவேன். வீட்டில் நானும் உம்மாவும் மட்டும்தான். ஒருநாள் அங்கிருந்த தாதி சொன்னார்: "உம்மாட உடம்புல புரதம் குறைஞ்சிட்டு. ஒரு நாளைக்கு ரெண்டு முட்டை வெள்ளைக்கரு குடுங்க. மஞ்சள் வேணாம், உப்பும் வேணாம்."

கடை முட்டையை அவித்து உரித்ததுமே உம்மா ஓங்காளித்தா. "கோழித்தீன் நாத்தம் அடிக்கிது புள்ள. ஊர்க்கோழி முட்டையெண்டா எப்படியும் திண்டுடுவன்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அடுத்த நாளே சம்மாந்துறைக்குப் போய் நான்கு பெட்டைக்கோழிகள் வாங்கி வந்தேன். அதுவரை கோழியைக் கறிச்சட்டியில் மட்டும் கண்டவள் நான்.

இரண்டு கிழமையாக ஒரு முட்டையும் இல்லை. சேவல் வாங்காமல் விட்டது பிழையோ என்று பயந்து பக்கத்து வீட்டு மாமியிடம் ஓடினேன். மாமி விழுந்து விழுந்து சிரித்தா. "முட்டைக்குச் சேவல் எதுக்கு? குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேணும். இடம் மாறி வந்ததுகள், கொஞ்சம் பொறு."

பொறுத்தேன். முதல் முட்டை ஓடே இல்லாமல் வந்தது. வெறும் தோல், கையில் எடுத்ததும் தளும்பியது. கோழிக்கு என்ன வருத்தமோ வியாதியோ, அதை உம்மாவுக்குக் கொடுத்தால் என்ன ஆகுமோ என்று கூட்டடியிலேயே நின்று அழுதேன். மட்டிச் சிப்பி ஓட்டை இடித்துத் தீனில் போடச் சொன்னா மாமி. கடற்கரையில் வலை இழுப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, குனிந்து குனிந்து ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து உரலில் இடித்தேன். பிறகுதான் முட்டை ஓடு கெட்டியானது.

அதற்குப் பிறகு ஒரு முட்டையை உடைத்தபோது மஞ்சளில் இரத்தப் பொட்டு. தின்பது ஹராமோ என்று மாமியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பொட்டை மட்டும் எடுத்து வீசிவிட்டுச் சமைக்கலாம் என்று மாமி சொல்லியும் மனம் கேட்கவில்லை, முட்டையையே வீசினேன். ஒவ்வொரு முட்டையையும் பேசினில் தண்ணீர் ஊற்றிப் போட்டு, கெட்டுப்போய் மிதக்கிறதா, நல்லதாய்த் தாழ்கிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை கூட்டைப் போய்ப் பார்ப்பேன். உம்மா கட்டிலில் கிடந்தபடி சொன்னா: "கோழியோட கதைக்கிற அளவுக்கு நீ என்னோட கதைக்கிறாயில்ல."

நான் சிரித்துவிட்டு, அவித்த வெள்ளைக்கருவைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் கூட்டுக்குப் போனேன். திரும்பி வரும்போது தட்டு வெறுமையாக இருக்கும். அதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு குளிரும்.

ஒரு வெள்ளிக்கிழமை உம்மா என் கையைப் பிடித்தா. "இண்டைக்கு மஞ்சளோட ஒரு முழு முட்டை தா புள்ள. கொஞ்சம் உப்பும் மிளகுத்தூளும் போட்டு. வாய் செத்துப்போச்சு."

"டொக்டர் ஏசுவார் உம்மா. வாற கிழமை கேட்டுட்டுத் தாறன்."

"ஓம், கேளு" என்று தட்டை வாங்கிக்கொண்டா. மஞ்சளை எறிய மனமில்லாமல் குசினியில் நின்றபடி உப்புத் தொட்டு நானே தின்றேன்.

திங்கட்கிழமை விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே என் மடியில் மௌத்தாகிவிட்டா. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். வீடு நிறையச் சனம். யாரோ ஒரு பெண் பின்வளவிலிருந்து வந்து, "முட்டை கிடந்திச்சு, எங்க வைக்கிற?" என்று என்னிடம் கையை நீட்டினா. நான்கு முட்டைகள். நான்கு கோழியும் ஒரே நாளில் இட்டது அன்றைக்குத்தான்.

மூன்றாம் நாள் கோழிகளை மாமிக்கே கொடுத்துவிடலாம் என்று கூப்பிட்டேன். மாமி கோழிகளைப் பார்க்காமல் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

"ஒண்டு சொன்னா கோவிக்க மாட்டாயே? உம்மாவுக்கு அந்த வெள்ளைக்கரு இறங்கயில்ல. நீ கூட்டடிக்குப் போற நேரமாப் பாத்து ஜன்னலால என்னக் கூப்பிட்டுத் தருவா. நான் பூனைக்குப் போடுவன். 'அவள் எனக்காகக் கடற்கரையெல்லாம் மட்டி பொறுக்கித் திரியிறாள், சொல்லிப்போடாத'ண்டு சத்தியம் வாங்கினா."

நான் குசினி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். உப்பும் மிளகுத்தூளும் போட்டிருந்தால் தின்றிருப்பா. கடைசியாக வாய் திறந்து கேட்டது அது ஒன்றுதான்.

படியில் இருந்தபடியே கேட்டேன்: "ஒண்டாவது திண்டாவா மாமி?"

மாமி என் தலையில் கை வைத்தா. "திண்டா. முதல் நாள் குடுத்தியே, அதத் திண்டா. நல்லா இரிந்திச்செண்டு சொன்னா."

மாமியின் குரல் கொஞ்சம் அவசரப்பட்டதுபோல இருந்தது. இன்றைக்கும் வேலிக்கு அந்தப் பக்கம் அவவைக் காணும்போது அது உண்மையா என்று கேட்க வாயெடுப்பேன். பிறகு வேறு எதையாவது கதைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.