ஹேமசந்திரனின் முன்னுரை

ஆய்வுக் கட்டுரையின் முன்னுரைக்கு அறிஞருலகம் ஒப்புக்கொண்ட முறை ஒன்று உண்டு. முதலில், விஷயம் மகா முக்கியமானது என்று நிறுவ வேண்டும். பிறகு, இதில் இன்னதை மட்டும் இதுவரை யாரும் கவனிக்கவில்லையே என்று வருத்தப்பட வேண்டும். கடைசியில், கவலை வேண்டாம், நான் வந்துவிட்டேன் என்று அறிவிக்க வேண்டும்.

ஆரணியில் கல்லூரி விரிவுரையாளரான ஹேமசந்திரன், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் தம்மைப் போன்ற சமணக் குடும்பங்களின் வழக்கத்தைப் பற்றி எழுதினார். முதலும் கடைசியும் சுலபமாக முடிந்தன. யாரும் கவனிக்காததைக் கண்டுபிடிக்கத்தான் எல்லோரையும் படிக்க வேண்டியிருந்தது.

"பொழுது எறங்கிகினு இருக்குது, ஜல்தி வாங்க. சர்க்கரை மாத்திரை போட்டுட்டேன்" என்று கீழிருந்து கூப்பிட்டாள் மனைவி கனகவதி.

"இந்த ஒரு கட்டுரைதான்."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. சாப்பாட்டப் பத்தி எழுதறவருக்குச் சாப்பிட நேரமில்ல!"

அவர் மாடியிலிருந்து இறங்கியபோது இருட்டிவிட்டது. கணவருக்கு முன் சாப்பிடாதவள், வழக்கப்படி இருட்டிய பின்னும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் மாத்திரையோடு படுத்தவள் காலையில் எழுந்திருக்கவில்லை.

காரியங்கள் முடிந்ததும் ஹேமசந்திரன் அந்த நடு வாக்கியத்தை எழுதி அனுப்பினார்: "காத்திருந்து பட்டினி கிடப்பவர்களை இதுவரை யாரும் கவனிக்கவில்லை."

ஆய்விதழிலிருந்து மிக மரியாதையாகப் பதில் வந்தது. இக்கூற்றுக்குத் தக்க சான்று தருமாறு கேட்டிருந்தார்கள்.