அத்தை குடிக்காத தண்ணீர்

எங்கள் அத்தைக்கு என்ன வேலை என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கு ஒரு பதில் வரும். அப்பா, "ஸ்போர்ட்ஸ்ல பெரிய ஆபீசருங்க, டெல்லியில" என்று சுருக்கமாக முடித்துக்கொள்வார். தங்கையின் பெருமை அதற்கு மேல் அவருக்கே விளங்கவில்லை என்பதுதான் உண்மை. அம்மா கொஞ்சம் முயற்சி செய்வார். விளையாடுகிற பிள்ளைகளை யாரும் அடிக்காமல், பட்டினி போடாமல், கண்டபடி நடத்தாமல் பார்த்துக்கொள்கிற வேலை, நாடு முழுக்க அதற்கு அத்தைதான் தலைவி என்று ஒருமுறை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு விளக்கினார். பெரியம்மா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "அடிக்காம எப்படிங்க அம்மணி ஆட்டம் வரும்?" என்றார். எனக்கும் பெரியம்மா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன், கபடி ஆடிக்கொண்டிருந்தேன்.

சூலூரில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் தறிக்கூடங்கள். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் பிறந்தோம், தூங்கினோம், பாடம் படித்தோம். கரண்ட் போய்த் தறிகள் நின்றால்தான் குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து அழும். கூடங்களுக்குப் பின்னால் ஒரு செம்மண் மைதானம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். விமானத் தளத்திலிருந்து கிளம்பும் விமானங்கள் வேப்பமரத்தை உரசிவிடுவது போலத் தாழப் பறக்கும். அவற்றின் நிழல் எங்கள் மேல் ஓடி மறையும்போது சிறு குளிர்ச்சி ஒன்று வந்து போகும், அல்லது வந்ததாக எனக்குத் தோன்றும். சாயங்காலங்களில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீசும். புழுதி பொன்னிறமாக எழுந்து அடங்கும். இப்போதும் கண்ணை மூடினால் அந்த மைதானம் தெரிகிறது, ஆனால் தரையில் பதிந்ததாகத் தெரியவில்லை. ஒரு சாண் உயரத்தில் மிதக்கிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவரை மாஸ்டர் என்போம். பகலில் ஒரு மில்லில் கணக்குப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் எங்களிடம் வருவார். நல்ல மனிதர், இதை இப்போதும் சொல்வேன். ஷூ வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கைக்காசைப் போட்டு வாங்கிக் கொடுத்தார். யாருக்காவது அடிபட்டால் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவரும் இதே மைதானத்தில் இதே மாதிரி ஆடி வந்தவர்தான். அதனால் தனக்குச் செய்யப்பட்டதையெல்லாம் எங்களுக்கும் மனதாரச் செய்தார்.

கபடியில் அந்தந்த வயதுக்கு ஓர் எடை உண்டு. அதற்கு மேல் இருந்தால் ஆட முடியாது. அணித் தேர்வு நெருங்கினால் பெரிய அக்காமார்கள் 'எடைக்கு வர' ஆரம்பிப்பார்கள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவார்கள். பச்சைத் தண்ணி பல்லில் படாது. ஓடி முடித்ததும் நூல் குடோனுக்குப் போய் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பார்கள். குடோன்காரர் நூல் மூட்டைக்குச் சொல்லும் அதே குரலில் எடையைச் சத்தமாகச் சொல்வார். குறைந்திருந்தால் எல்லோரும் கை தட்டுவோம்.

தண்ணீர்ப் பானை வேப்பமரத்தடியிலேயே இருந்தது. அது பார்க்க வரும் பெற்றோர்களுக்கு. எங்களிடம் மாஸ்டர் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஓடிக் களைத்து வந்தவுடன், "போயித் தண்ணி குடிங்க கண்ணுகளா" என்று அன்பாகச் சொல்வார். போனவர்கள் மறுபடியும் ஓட வேண்டும். போகாதவர்களை "மன உறுதி" என்று தட்டிக்கொடுப்பார். கொஞ்ச நாளில் யாரும் போகாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம். கோயில் குண்டத்தில் தீ மிதிக்க விரதம் இருப்பவர்களைப் போல எங்களுக்கும் ஒரு கர்வம் வந்துவிட்டது.

என்னைப் போன்ற குஞ்சு குளுவான்களுக்கு எடையும் கிடையாது, தேர்வும் கிடையாது. நான் ஈர்க்குச்சி போல இருந்தேன். ஆனாலும் அப்பா ஊட்டியில் வாங்கிய பழைய ஸ்வெட்டரை முழங்கால் வரை தொங்கப் போட்டுக்கொண்டு அக்காமார்களின் பின்னால் ஓடினேன். முதலில் தொண்டை எரியும், பிறகு நாக்கு கனக்கும். அதையும் தாண்டினால் ஒரு சுகம் வரும். தறிச் சத்தம் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது போலத் தூரமாகும். விமானங்கள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கால் தரையில் படாது, மைதானம் லேசாகத் தூக்கிக்கொள்ளும். ஆட்டம் கைகூடுவது என்றால் இதுதான் என்று நான் நம்பினேன். அந்த மிதப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

எல்லோருக்கும் முன்னால் கேப்டன் அக்கா ஓடுவாள். அவளுடைய அப்பா, அம்மா இருவரும் தறியில் வேலை செய்தார்கள். அந்த வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த தேர்வில் எடுபட்டால் மாநில அணி, விளையாட்டு விடுதி, பின்னால் ஒரு அரசாங்க வேலை என்று அவர்கள் வீட்டில் மூன்று பேரும் ஒரே கனவைக் கண்டுகொண்டிருந்தார்கள். குறுக்கே நின்றது கொஞ்சம் எடைதான். அக்காவின் உதடு வெடித்திருந்தது. அதில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே ஒருநாள் என்னிடம், "செலக்சன் முடிஞ்சதும் ஒரு கொடம் தண்ணியக் குடிச்சுப்போட்டு அப்படியே தூங்கோணும் கண்ணு" என்றாள். எவ்வளவு அழகான ஆசை என்று நினைத்தேன்.

அந்த வாரம்தான் ஏதோ கூட்டத்துக்காக அத்தை கோயம்புத்தூர் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அத்தையும் ஒரு காலத்தில் கபடி ஆடியவர், ஒரு முழங்கால் சரியாக மடங்காது. தங்கையை ஊருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. தேர்வுக்குப் போகும் பிள்ளைகளை வாழ்த்த வர வேண்டும் என்று அவரே மாஸ்டரிடம் ஏற்பாடு செய்துவிட்டார். பொன்னாடை வந்தது. மாஸ்டர் தன் வீட்டுப் பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் துலக்கி எடுத்து வந்தார். அத்தை எங்கள் ஆட்டத்தைப் பார்த்து அசந்து போவார் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

அத்தை வந்து இறங்கியபோது நாங்கள் ஸ்வெட்டர்களோடு ஓடிக்கொண்டிருந்தோம். விசில் அடித்து எங்களை வரிசையில் நிறுத்தினார் மாஸ்டர். பானையிலிருந்து சொம்பு நிறைய மொண்டு இரண்டு கையாலும் நீட்டினார். "வாங்க அம்மணி, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா? மொதல்ல தண்ணி குடிங்க."

எங்கள் பக்கத்தில் வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு. தண்ணீர் வேண்டாம் என்பவர் உறவே வேண்டாம் என்கிறார் என்று பொருள். சம்பந்தம் பேச வந்தவர்கள் கை நனைக்காமல் எழுந்து போனதைத் தலைமுறை கடந்தும் சொல்லிக் காட்டுகிற ஊர் இது. அத்தைக்கு இது தெரியாததல்ல. சொம்பைப் பணிவாக இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், ஆனால் வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"புள்ளைங்க மொதல்ல குடிக்கட்டுங்க. நான் அப்பறமா குடிச்சுக்கறேனுங்க" என்றார்.

அப்பாவின் முகம் சுண்டிப் போயிற்று. அத்தை காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, வரிசையில் முதலில் நின்ற கேப்டன் அக்காவிடம் சொம்பை நீட்டினார். அக்காவின் கை எழவில்லை. அவள் கண் மாஸ்டரிடம் போயிற்று. அத்தை அடுத்தவளிடம் நீட்டினார். அவளும் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் சிரித்தார். "குடிங்க கண்ணுகளா, குடிங்க" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எல்லோருடைய கையும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. சொம்புத் தண்ணீரில் சூரியன் விழுந்து அத்தையின் கழுத்தில் ஒளி ஆடியது. நான் கடைசி. என் அத்தையின் மானத்தை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானித்துக் கையைக்கூட நீட்டினேன். நீட்டிய கை பாதியிலேயே நின்றுவிட்டது. நானும் மாஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை திரும்பிப் போய்க் கேப்டன் அக்காவின் கையைப் பிடித்து, புறங்கைத் தோலை லேசாகக் கிள்ளி விட்டார். கிள்ளிய தோல் கிள்ளியபடியே நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றினால் அப்படித்தான் நிற்கும் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். "ஞாயித்துக்கெழமை வரைக்குந்தானுங்க" என்று அக்கா ஏதோ கடன் கேட்பவள் போலக் கெஞ்சினாள். அத்தை அப்பாவிடம் ஆட்டோ கூட்டி வரச் சொன்னார். பொன்னாடை மடித்தபடியே இருந்தது. சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, அக்காவைத் தோளோடு அணைத்துக்கொண்டு அத்தை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அங்கே அக்காவுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். ஏற்றிய தண்ணீரெல்லாம் உடம்பில் நின்றது, எடையும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு அக்கா போகவில்லை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிட்டது.

அத்தை தலைமையில்தான் பிறகு விதிகள் வந்தன என்று சொல்கிறார்கள். பயிற்சி நடக்கும் இடத்தில் கைக்கு எட்டும்படி தண்ணீர் இருக்க வேண்டும், டாக்டர் சொல்லாமல் எந்தப் பிள்ளையும் எடை குறைக்கக் கூடாது, பிள்ளைகள் தங்கள் குறையைப் பயிற்சியாளருக்குத் தெரியாமல் சொல்ல ஒரு வழி வேண்டும் என்று பல. எங்கள் மாஸ்டரைக் கொஞ்ச காலம் பயிற்சி கொடுக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தவர் மைதானத்தின் நடுவிலேயே தண்ணீர் டிரம் வைத்துவிட்டார். அத்தையின் பேச்சை எடுத்தால் மட்டும் வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கேப்டன் அக்கா இப்போது சரவணம்பட்டியில் நான் வேலை பார்க்கும் கட்டடத்திலேயே வேறொரு கம்பெனியில் இருக்கிறாள். மேசை மேல் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கும். அத்தை செய்தது சரிதானா என்று ஒருநாள் கேட்டேன். "நல்லதுதாங் கண்ணு செஞ்சாங்க. ஆனா ஆட்டம் போச்சே" என்றாள். அவளைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை. அத்தையோடு வேலை செய்யும் ஒருவர் சமீபத்தில் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னார், அத்தை எந்த முகாமுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பாராம். வாங்கிய தண்ணீரைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, குடிப்பதற்கு முன்னால் அவர்கள் கண் யாரிடம் போகிறது என்று பார்ப்பாராம்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மைதானத்தில் அது நடந்த மறுநாள் காலைதான். அத்தை டெல்லிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு, தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியாகக் கேப்டன் அக்காவின் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். அப்பா உள்ளே கூப்பிட்டார், வரவில்லை. அத்தை சமையலறைக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"எம் புள்ளை பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே அம்மணி. உங்க ஊட்டுத் தண்ணி எனக்கெதுக்குங்க?"

அவ்வளவுதான் பேசினார். மரியாதை குறையாமல் பேசினார். சொம்பைத் தொடாமல் திரும்பி நடந்தார். அவர் தறிக்கூடச் சந்தில் திரும்பி மறையும் வரை அத்தை நீட்டிய கையை மடக்கவேயில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் திருப்திதான், மாஸ்டரை அவமானப்படுத்தியதற்கு நன்றாக வேண்டும் என்றிருந்தது.

பிறகு அத்தை திரும்பிப் பார்த்தார். நான் கதவோரம் நின்றிருந்தேன். வெடித்துப்போன என் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அந்தச் சொம்பை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தாகமாகத்தான் இருந்தது. சொம்பை வாயருகே கொண்டுபோய்விட்டு, வழக்கப்படி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"குடிக்கட்டுங்களா அத்தை?"

அவ்வளவு நேரம் அசையாமல் நின்றவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். மடங்காத கால் வாசலில் நீண்டு கிடந்தது. அக்காவின் அம்மா பேசியது இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, பக்கத்தில் போய் உட்கார்ந்து சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.