ஏழு அப்பனைக் கேட்கும் கெங்கேஷ்

அழைப்பை எடுத்தவுடன் கெங்கேஷ் பேசமாட்டார். கைபேசியை மேசையில் மல்லாக்க வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மறுமுனையில் இருப்பவர் 'அண்ணே, அண்ணே' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டுபோன பிறகு, தன் குரலை மூக்குக்குள் ஏற்றி, சளி பிடித்தவரைப் போல ஒரே ஒரு வாக்கியம் சொல்வார்.

"ஏழு அப்பனைச் சொல்லு."

சொந்தக் குரலில் பேசினால் குரல் திருடர்கள் அதையும் பிடித்துக்கொள்வார்களாம். அதற்காகத்தான் மூக்கு.

தன் தகப்பனில் தொடங்கி ஏழு தலைமுறை ஆண்களின் பெயரைத் தடுமாறாமல் சொல்வது கொச்கோர் என்ற அந்த மலையூரில் பல் முளைக்கும் வயதிலேயே ஊட்டப்படுகிற பாடம். கல்யாணப் பேச்சிலும் பந்தியிலும் பயன்பட்டுக்கொண்டிருந்த அந்தப் பாடத்தைப் பூட்டுக்குச் சாவியாக்கியவர் கெங்கேஷ். கம்ப்யூட்டர் யார் குரலில் வேண்டுமானாலும் பேசும், ஆனால் அதற்கு அப்பன் கிடையாது என்பது அவருடைய கட்சி. யாரும் எதிர்த்துப் பேச முடியாத கட்சிதான். ஆனால் கறிக்கடை ஷாம்பெத் ஒருநாள் கூப்பிட்டு, உன் மாடு என் வேலியைச் சாய்த்துவிட்டு நிற்கிறது என்று சொன்னபோதும் இதே கேள்விதான்.

"யாரோட அப்பனை? என் அப்பனையா, மாட்டோட அப்பனையா?" என்றார் ஷாம்பெத். கெங்கேஷ் சிரிக்கவில்லை. ஷாம்பெத் ஏழு பேரையும் ஒப்பித்த பிறகுதான் மாட்டைப் பிடிக்கப் போனார். அதற்குள் மாடு முட்டைக்கோஸ் பாத்தியை முடித்திருந்தது.

அவருடைய தொழில் ஆடு மாடுகளுக்குக் காதில் எண் அடிப்பது. கால்நடை மருத்துவமனை வண்டியில் ஊர் ஊராகப் போவார். ஒரு கையால் காதை மடக்கி, மறுகையில் இருக்கும் குறட்டால் ஒரே அமுக்கு. மஞ்சள் வில்லை காதில் தொங்கும். ஆடு கத்துவதற்குள் அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவார். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. வாயில்தான் குறை. "ஆட்டுக்குக் காதுல நம்பர் இருக்கு. மனுசனுக்குக் குரல் ஒண்ணுதான் இருந்துச்சு, அதையும் களவாண்டுட்டானுங்க" என்று ஒவ்வொரு பட்டியிலும் சொல்வார். போன தடவை சொன்ன அதே ஆட்களிடமே சொல்வார். அவர்களும் போன தடவைபோலவே தலையாட்டுவார்கள்.

அவர் மனைவி புருல்சாவுக்கு எரிச்சலே, இந்த மனுசன் சொல்வதில் பாதி உண்மையாக இருப்பதுதான். முழுப் பைத்தியம் என்றால் விட்டுத் தொலைக்கலாம். ஆற்றங்கரைப் பழைய கம்பளிக் கிடங்கில் யாரோ கம்ப்யூட்டர்களை அடுக்கிக் கண்ணுக்குத் தெரியாத காசு தோண்டுகிறார்கள் என்றும், ஊர் விளக்கெல்லாம் சாயங்காலம் அழுது வடிவது அதனால்தான் என்றும் முதலில் சொன்னவர் கெங்கேஷ். அப்போது ஊர் சிரித்தது. பிறகு மின்சார வாரியத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் போனார்கள். இன்றைக்கும் அந்தக் கிடங்கு இரைந்துகொண்டுதான் இருக்கிறது. அதன் கூரையில் மட்டும் பனி தங்குவதில்லை.

குரல் களவு போனதும் உண்மை. போன வருஷக் குளிர்காலத்தில், மாஸ்கோவில் தெருக்கூட்டும் வேலை பார்க்கிற சித்தப்பா மகன் மெலிஸின் குரல் கெங்கேஷைக் கூப்பிட்டு அழுதது. போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது அண்ணே, அடிக்கிறார்கள் அண்ணே என்றது. மெலிஸுக்கே உரிய திக்கல்கூட இருந்தது. கெங்கேஷ் சினைக்குதிரையை விற்று அனுப்பினார். மறுநாள் விசாரித்தால், மெலிஸ் தன் விடுதியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உறவுக்காரர்களின் கைபேசிக் குழுவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அவன் நீட்டி முழக்கி வாழ்த்துப் பேசி அனுப்புவான். அதை எடுத்துத்தான் தைத்திருக்கிறார்கள்.

அந்தக் குழுவுக்கு அட்மின் கெங்கேஷ். குதிரை கைவிட்டுப் போன அதே வாரத்தில் சட்டங்கள் பிறந்தன. இனி குழுவில் யாரும் குரல் பதிவு அனுப்பக்கூடாது, எழுதத்தான் வேண்டும். பழைய குரல்களையெல்லாம் எல்லோரும் அழித்துவிட வேண்டும். அவர் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்டு அழிக்க வைத்தார். குழந்தைகள் படம் கூடாது. ராத்திரி கைபேசியை அணைத்துத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். புருல்சாவிடம் இருந்த சின்னக் கைபேசியின் சிம்மையும் பிடுங்கிவிட்டார். ஒரு வீட்டுக்கு ஒரு கதவு போதுமாம்.

இதில் அடிபட்டவர் கணவாய்க்கு அந்தப்பக்கம் தலாஸில் இருந்த அவருடைய மூத்த அண்ணன் தோக்தோசுன். அவருக்குக் கைபேசியில் எழுத வராது. அவரைப் பயிர் வேலையில் காய்த்துப்போன விரல்களுக்கு அந்தக் கண்ணாடிமேல் எழுத்து சிக்காது. முன்பெல்லாம் காலையில் குழுவில் முதலில் கேட்பது அவர் குரல்தான்: எழுந்தீங்களா, உயிரோட இருக்கீங்களா, இங்கே மழை, அங்கே எப்படி. சட்டம் வந்த பிறகு கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தக் கட்டைவிரல்தான் வந்தது. நெஞ்சில் சளி கட்டி அவர் இருமிக்கொண்டிருந்தது யாருக்கும் கேட்கவில்லை.

வசந்தகாலத்தில் ஒரு மத்தியானம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. புருல்சா மாட்டைக் கறக்கப் போயிருந்தாள். கெங்கேஷ் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேசியது ஒரு பெண்.

"மாமா, தலாஸ்லேருந்து ஜீபெக் பேசுறேன். நம்ம பெரியவரு... நம்மள விட்டுட்டுப் போயிட்டாரு மாமா."

ஜீபெக் என்பது தோக்தோசுனின் மகனுக்குப் போன இலையுதிர்காலத்தில் கட்டிவந்த பெண். கல்யாணத்தில் திரைக்குப் பின்னால் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவள் குரலை கெங்கேஷ் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"எந்தப் பெரியவரு? பேர் இல்லையா அவருக்கு?"

"எங்க வீட்டுப் பெரியவரு மாமா. உங்களுக்கு மூத்தவரு."

"உன் புருசனோட அப்பன்லேருந்து ஆரம்பி. ஏழு பேரையும் சொல்லு."

 "நான் எப்படி மாமா சொல்லுவேன்?" என்று அழுதாள்.

"பாடம் பண்ணாம வந்துட்டியாக்கும்" என்று சொல்லித் துண்டித்தார். எண்ணையும் தடை செய்தார். குழுவில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டார்: தலாஸ் பெயரைச் சொல்லித் திருட்டுக் கும்பல் கிளம்பியிருக்கிறது, யாரும் எடுக்காதீர்கள், யாரும் திருப்பிக் கூப்பிடாதீர்கள். பிறகு கைபேசியை அணைத்து டப்பாவில் போட்டுவிட்டார். கறந்த பாலோடு உள்ளே வந்த புருல்சாவிடம், தலாஸ் பெயரைச் சொல்லி வந்த ஒரு திருட்டுக் கும்பலை ஓட்டிவிட்டேன் என்று மட்டும் சொன்னார். எதற்கும் பெரியவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்களேன் என்றாள் அவள். இப்போது பேசினால் நம் எண் உயிரோடு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றார் அவர். பகலிலேயே கைபேசி டப்பாவுக்குள் போனது அன்றைக்குத்தான். அன்றைக்கென்று அவருக்கு ஒரே உற்சாகம். ரொட்டியை வெண்ணெயில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார்.

மறுநாள் ராத்திரி, தலாஸிலிருந்து அவரை மூட்டைகளை ஏற்றி வந்த லாரிக்காரர் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கி, நெஞ்சில் கைவைத்து, தோக்தோசுன் அண்ணனை நல்லபடியாக மண்ணில் சேர்த்தாயிற்று என்றார். கொச்கோர் ஆட்களுக்காக மத்தியானம்வரை வைத்திருந்தார்களாம். மகன் மாஸ்கோவிலிருந்து வந்துவிட்டான், கூடப்பிறந்தவர் வரவில்லை. எல்லோருக்கும் சொல்லியாயிற்றா என்று மருமகளிடம் கேட்டார்களாம். சொல்லிவிட்டேன் என்றாளாம். மாமனார் வீட்டில் புதிதாக வந்த பெண், தன்னைத் திருடி என்று சொல்லி வைத்துவிட்டார்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வாள்?

கெங்கேஷ் நின்ற இடத்திலேயே நின்றார். குரல் புதுசு, எண்ணும் புதுசு, பேர் கேட்டால் பேரும் சொல்லவில்லை, நான் என்ன செய்வது என்றார். லாரிக்காரரிடம் சொன்னார், வேலியிடம் சொன்னார், கடைசியில் புருல்சாவிடமும் சொன்னார். அவள் அதுவரை பொறுமையாகத்தான் இருந்தாள்.

"அவ எப்படிச் சொல்லுவா? மாமனார் பேரை எந்த மருமக வாயால சொல்லியிருக்கா? நான் உங்க வீட்டுக்கு வந்து பிள்ளைங்களுக்கே கல்யாணம் ஆயிடுச்சு, இன்னைக்கு வரைக்கும் உங்க அப்பா பேரை நான் சொன்னதில்ல. நான் போன் பண்ணியிருந்தாலும் என்னையும் திருடின்னுதான் வச்சிருப்பீங்க."

அவர் டப்பாவைத் திறந்து கைபேசியை எடுத்து, குழுவில் அண்ணனின் பழைய குரல் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். கட்டைவிரல் படங்களாக வந்தன. நீங்கள்தானே அழிக்கச் சொன்னீர்கள் என்று புருல்சா சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. களவு போனது ஒரு குதிரை. அதற்காக ஒரு மனிதனை ஒரு வருஷம் ஊமையாக்கி, ஒரு கைப்பிடி மண்கூடப் போடாமல் விட்டாயிற்று.

நாற்பதாம் நாள் சடங்குக்குத் தலாஸ் போனார்கள். கணவாய் ஏறும்போது அவர் மன்னிப்புக்கு வார்த்தை தேட ஆரம்பித்தார். மருமகளே, காலம் கெட்டுக் கிடக்கிறது என்று தொடங்கட்டுமா என்றார். காலத்தை இழுக்காதீர்கள் என்றாள் புருல்சா. என் காதில் கோளாறு என்று சொல்லட்டுமா என்றார். காதில் ஒரு கோளாறும் இல்லை என்றாள். அப்புறம் வழிநெடுக ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

தலாஸில் யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லை. ஆண்டவன் கட்டளை என்றார்கள், தோளைத் தட்டினார்கள், மேல் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஜீபெக் வந்து குனிந்து வணங்கினாள், அவருடைய தொப்பியை வாங்கி ஆணியில் மாட்டினாள், கைகழுவ நீர் வார்த்தாள். மருமகள் மாமன்முறைக்காரரைக் கேள்வி கேட்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. கெங்கேஷ் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு அவள் சமோவாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்றினாள். கொச்கோரானாலும் தலாஸானாலும் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கு மேல் ஊற்றமாட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே இருந்தால், இருங்கள், பேசுங்கள் என்று பொருள். தளும்ப ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

புருல்சாவுக்குப் பாதிக் கிண்ணம் வந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்களுக்கும் பாதிதான். கெங்கேஷின் கிண்ணத்தை ஜீபெக் கடைசியாக எடுத்தாள். நிதானமாக, விளிம்புவரை ஊற்றினாள். தலையைக் குனிந்தபடி, இரண்டு கைகளாலும், மரியாதை சற்றும் குறையாமல் நீட்டினாள்.

கெங்கேஷ் அதைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கொதிக்கிற தேநீர் விரல்களில் வழிந்தது. கீழே வைக்கவில்லை, ஊதவும் இல்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆணியிலிருந்து தன் தொப்பியைத் தானே எடுத்துக்கொண்டார்.